மூன்று பேர் கட்சியின் கொறடா

எங்கள் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் மூன்று பேர். தலைவி என் அக்கா. இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். மூன்றாவது ஆள் நான். கட்சியின் கொறடாவும் நான்தான். கொறடா என்றால், ஓட்டெடுப்பு மணி அடித்ததும் தன் கட்சிக்காரர்களைத் தேடிப்பிடித்து அவைக்குள் தள்ளிக்கொண்டு போகிறவன். மற்ற கட்சிக் கொறடாக்களுக்குத் தனி அறை உண்டு, உதவியாளர் உண்டு, சுழல் நாற்காலி உண்டு. நான் மேய்க்க வேண்டியது இரண்டே பேரை. அதில் ஒருத்தி சின்ன வயதில் என் காதைத் திருகியே ஆளாக்கியவள். அவளை நான் எங்கே அதட்டுவது? மணி அடித்தால் அவள்தான் என்னைத் தேடி வருவாள்.

அதற்கு முன்னால் நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே கார். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தானுக்குக் குழாய் வேலை. எங்கள் ஊரில் எந்த வீட்டுச் சுவரைத் தட்டினாலும் உள்ளே குழாய் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை நிறுத்தியபோதுதான் எங்கள் குடும்பம் அரசியலுக்கு வந்தது.

டயாலிசிஸ் மெஷின் எங்கள் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. தலைநகருக்குத்தான் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், நடுவில் நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை. வரும்போது அத்தான் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலே வருவார். அதே பஸ்ஸில் அவரைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு துணையோடு. அக்கா எல்லாக் கட்சி அலுவலகங்களின் படியையும் ஏறி இறங்கினாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் பஸ்ஸிலேயே எழுந்து நின்று, "நாமளே நின்னா என்ன?" என்று கேட்டாள். பஸ் போகும் வழியில் மூன்று தொகுதிகள் இருந்தன. மூன்றிலும் நின்றோம். மூன்றிலும் ஜெயித்துத் தொலைத்தோம்.

ஜெயிப்போம் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை. பேப்பர்காரர்கள் எங்களுக்கு 'பஸ் கட்சி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். முடிவுகள் எல்லாம் வந்து முடிந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவையில் நூறு இடங்கள். ஆட்சி அமைக்க ஐம்பத்தொன்று வேண்டும். முதலில் வந்த கட்சிக்கு நாற்பத்தொன்பது. இரண்டாவது கட்சிக்கு முப்பத்தேழு. வாடகைக்கு இருப்பவர்களின் கட்சிக்குப் பதினொன்று. மிச்சம் மூன்று நாங்கள். முதலில் வந்த கட்சியின் தலைவரை அன்றிலிருந்து ஊரே 'நாற்பத்தொன்பதார்' என்றுதான் கூப்பிட்டது. பாவம், இரண்டே இரண்டு பேர் குறைச்சல். எங்களைச் சேர்த்துக்கொண்டால் கதை முடிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரமாணம் எடுக்கப் போட வேண்டிய கோட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேர்தானே, தானா வருவாங்க" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள். "செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் அவரோட ஆஸ்பத்திரியில இருப்பேன். பேசணும்னா அங்க வரட்டும்."

நாற்பத்தொன்பதார் வரவில்லை. டிரைவரிடம் ஒரு பழக்கூடையைக் கொடுத்தனுப்பினார். கூடை நிறைய வாழைப்பழம், ஆரஞ்சு. மேலே பட்டு ரிப்பன். டயாலிசிஸ் நோயாளி வாழைப்பழத்தைத் தொடவே கூடாது. அதிலிருக்கும் சத்து வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். அக்கா கூடையைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள்.

"உங்க தலைவர் என் புருஷனைக் கொன்னுட்டுத்தான் ஆட்சி அமைக்கணும்னு நினைக்கிறாரா?" என்று கேட்டாள்.

டிரைவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

அடுத்து இரண்டாவது கட்சித் தலைவர் நேரிலேயே வந்தார். அவருக்கு வருடம் முழுவதும் ஜலதோஷம். கூட்டத்தில் பேசும்போதும் கைக்குட்டையும் கையுமாக இருப்பார். கட்சிக்காரர்களே முதுகுக்குப் பின்னால் 'சளிக்காரர்' என்பார்கள். அவருக்குப் பின்னால் வாடகைக் கட்சியின் தலைவி, கறுப்புக் கோட்டில் ஒரு வக்கீலம்மா. இந்த இரண்டு பேரும் தேர்தல் நேரத்தில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்தவர்கள். சளிக்காரர் கட்சியில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்காரர்கள், வக்கீலம்மா கட்சியில் அத்தனை பேரும் குடித்தனக்காரர்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். அந்த அம்மாளுக்கு முன்னால் எந்தக் கட்சியும் செல்லாது. "ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான். ஒரு ஆள் உள்ள போனா ஒரு ஆள் வெளிய வரணும்" என்றார். சளிக்காரர் ஒரு தும்மல் போட்டதும் அவர் முகத்தில் தன் கையாலேயே மாஸ்க்கை மாட்டிக் காதில் இழுத்து விட்டார். அந்த வாரக் கடைசியில் பிரதமராகப் போகிற மனிதர் அதற்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

அக்கா வெளியே வந்தால்தான் அவர் உள்ளே போக முடியும். அதனால் கூட்டணிப் பேச்சுவார்த்தை முழுக்க நடந்தது கட்சிகளுக்குள் இல்லை. ஒவ்வொருவராக உள்ளே போய் அத்தானோடு பேசியதுதான். அத்தானுக்கோ எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டைகூடக் கிடையாது. கையில் இரண்டு குழாய் செருகியிருக்க, படுத்தபடியே எல்லாரையும் வரவேற்றார். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"வாங்க, உக்காருங்க. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்க."

"டீச்சருக்கு என்ன வேணும்? மந்திரி பதவின்னா..." என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சளிக்காரர் ஆரம்பித்தார்.

"அவளுக்கு மந்திரி பதவி எதுக்குங்க? வீட்டுல பிரதமரே அவதான். அதோ எதிர் கட்டில் காலியா இருக்குல்ல? அதுல போன மாசம் வரைக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு. எங்க பஸ்தான். பஸ்ஸுல நல்லாப் பாடும். ஒரு வியாழக்கிழமை மழையில பஸ் வரல. சனிக்கிழமை பஸ் வந்துச்சு, அந்தப் பொண்ணு வரல." அத்தான் குழாய் செருகிய கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "மாவட்டத்துக்கு மாவட்டம் நாலு மெஷின் வைக்கணும். சட்டமாவே போடணும். முதல் கூட்டத்திலயே. அவ்வளவுதான்."

சளிக்காரர் ரொம்ப நேரம் அந்தக் கட்டிலையே பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். அது ஜலதோஷம்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"சரி" என்றார். "அந்த வக்கீலம்மாதான் வாடகை விஷயத்துல இறங்கி வர மாட்டேங்குறாங்க."

"அனுப்புங்க, பேசுறேன்" என்றார் அத்தான்.

வக்கீலம்மா உள்ளே போனார். "அவரு பாதி இறங்கிட்டாரும்மா" என்றார் அத்தான். அந்த அம்மா வெளியே வந்ததும் சளிக்காரர் உள்ளே போனார். "அந்தம்மா பாதி இறங்கிட்டாங்க" என்று அவரிடமும் சொன்னார் அத்தான். இப்படி இரண்டு பேரும் ஆளுக்கு நான்கு தடவை போய் வந்தார்கள். சாயங்காலம் மெஷினை நிறுத்தி ஊசியை எடுக்கும்போது ஆட்சி அமைந்திருந்தது. நான் அத்தானிடம், "பொய் சொல்லிட்டீங்களே" என்றேன். "குழாய் வேலை மாப்ளே. ரெண்டு பக்கமும் கொஞ்சங்கொஞ்சமாத் திருகணும். ஒரே பக்கம் திருகினா உடைஞ்சுடும்" என்றார்.

நாற்பத்தொன்பதாரின் கோட்டு தைத்து வந்தது வந்தபடி பெட்டியில் கிடந்ததாகக் கேள்வி. மேடைக்கு மேடை அவர் பாட ஆரம்பித்தார்: இது அரசாங்கமே இல்லை, ஒரே சட்டைக்குள் மூன்று பேர் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. அதனால் பிரதமர் எங்கள் எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், "நாங்கள் ஒன்று" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டோம். உள்ளே நடந்தது வேறு. பிரதமர் கட்சியின் கொறடா ஒருவர், எல்லாரும் 'பெரிய கொறடா' என்பார்கள். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் முதல் நாளே என்னைப் பார்த்து, "டிரைவர் தம்பி, அந்தக் கதவைச் சாத்து" என்றார். நான் டிரைவர் இல்லை. டிரைவர்களை உண்டாக்கியவன். எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்களில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன், ஆனால் மனசுக்குள் சபதம் போட்டேன்: இந்த ஆள் வாய்விட்டுக் கேட்காத வரைக்கும் என் கட்சி விஷயம் ஒன்றையும் இவரிடம் சொல்ல மாட்டேன். அவரும் கேட்கவில்லை. நான் ஒருத்தன் இருப்பதே அவர் நினைவில் இல்லை.

டயாலிசிஸ் மசோதா ஓட்டுக்கு வரும் புதன்கிழமை நெருங்கியது. சபாநாயகர் எங்கள் பக்கத்து ஆள், அவர் ஓட்டுப் போடக் கூடாது. மிச்சம் நாங்கள் ஐம்பது, எதிர்ப்பக்கம் நாற்பத்தொன்பது. இரண்டு பக்கமும் சமமானால் மசோதா விழுந்துவிடும். விழுந்தாலும் சரி, வாபஸ் வாங்கினாலும் சரி, ஒரு வருடத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் மருந்துக்கடைக்காரருக்குக் குடலிறக்கம். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவர் தன் வலியை மட்டும் வாயு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். புதன்கிழமை காலையில் ஆபரேஷன்.

இதற்கு எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு, ஜோடி போடுவது என்போம். நம் பக்கத்தில் ஒருவர் வர முடியாவிட்டால் எதிர்க்கட்சிக் கொறடாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் ஓட்டுப் போடாமல் வெளியே இருப்பார். கணக்கு நேராகிவிடும். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. கை குலுக்கினால் குலுக்கினதுதான். எத்தனை கேவலமாகத் திட்டிக்கொண்டாலும் இந்த வழக்கத்தை மட்டும் இரண்டு பக்கமும் மீறியதில்லை.

எதிர்க்கட்சிக் கொறடா ஒரு பெண்மணி. ஓட்டப்பந்தயக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், கோச்சம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் இன்னமும் விசில் தொங்கும். முதல் வாரத்தில் அவைக்குள்ளேயே ஒரு தடவை ஊதிவிட்டு சபாநாயகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். நான் போய் மருந்துக்கடைக்காரர் விஷயத்தைச் சொன்னேன். "உரக்கடைப் பெரியவருக்கு முட்டி வலி. அவரு வெளிய இருக்கட்டும்" என்று கையை நீட்டினார். குலுக்கினேன். என் விரல்கள் நசுங்கிப்போயின.

புதன்கிழமை மத்தியானம். அக்கா அவையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தைரியக்காரி, அன்றைக்குக் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். காலையில்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தானின் இதயம் இந்தப் பஸ் பயணத்தை இன்னும் ஒரு வருடம் தாங்காது என்று சொல்லியிருந்தார். அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். எனக்கு வாயெல்லாம் வறண்டுபோனது. ஒரு டீ குடித்தால் தேவலை என்று கேன்டீனுக்குப் போனேன்.

அங்கே உரக்கடைப் பெரியவர் காலை நீட்டிக்கொண்டு ரொட்டியை டீயில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப நன்றிங்க. எங்க மருந்துக்கடைக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது."

"மருந்துக்கடைக்காரரா? வெளிநாடு போன மந்திரிக்குன்னுல்ல உங்க பெரிய கொறடா சொன்னாரு?"

நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினேன். "எப்போ சொன்னாரு?"

"முந்தாநேத்து. இதே மேசைதான். 'பெரியவரே, புதன்கிழமை ஜோடி'ன்னாரு. எங்க கோச்சம்மாவும் அன்னைக்குக் காலையில அதையேதான் சொல்லியிருந்துச்சு. சரின்னு அவருக்கும் கையைக் கொடுத்தேன். ஏன் தம்பி, நீங்க எல்லாரும் ஒரே அரசாங்கந்தானே? ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேக்குறாங்கன்னு நினைச்சேன்."

பெரிய கொறடாவுக்கும் கோச்சம்மாவுக்கும் ஆகாது. விசில் விவகாரத்தில் சபாநாயகரிடம் போட்டுக்கொடுத்தவரே அவர்தான். அதனால் கோச்சம்மா முகத்தில் விழிக்காமல் நேராக ஆளைப் பிடித்திருக்கிறார். நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இல்லை, அவர்கள் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் இல்லை. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு.

அப்போது மணி அடித்தது. மணி அடித்து எட்டாவது நிமிடம் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள்.

ஓடினேன். தாழ்வாரத்தில் பெரிய கொறடா இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு தன் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஏய்யா, உன் ஆளு வர மாட்டான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"முப்பத்தேழு பேரை வச்சிருக்கிறவன் மூணு பேரை வந்து கேக்கணுமா?"

"கேட்டிருந்தா முப்பத்தேழு பேரும் இப்ப இப்படி நிக்க வேண்டாம்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருந்த எட்டு நிமிடத்தில் இரண்டை நாங்கள் சண்டையில் கழித்தோம். வேறு யாராவது இருந்தால் ஒரே நிமிடத்தில் முடித்திருப்பார்கள்.

"சரி விடு. மசோதாவை இப்பவே வாபஸ் வாங்கிடுவோம்" என்றார் பெரிய கொறடா. "ஓட்டுல தோத்தோம்னா அரசாங்கத்துக்கே அசிங்கம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் எங்க அத்தான் இருக்க மாட்டாரு."

இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. பெரிய கொறடா இரண்டு போனையும் சட்டைப் பையில் போட்டார். "வா" என்றார். கோச்சம்மாவிடம் என்னோடு அவரும் வந்தார். அந்த மனிதர் அதுவரை யாருக்கும் பின்னால் நடந்து நான் பார்த்ததில்லை.

கோச்சம்மா தன் பக்கத்து வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் ஒரு கைதான் குலுக்கினேன்" என்றார்.

"உங்க பெரியவர் இன்னொரு கையைக் குலுக்கியிருக்காரு" என்றேன்.

"அவரு ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக் குலுக்கினாரு." கோச்சம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நீயே சொல்லு. உங்க அரசாங்கம் ஒண்ணா, மூணா? ஒண்ணுன்னா ஒரு அரசாங்கம் ஒரே ஜோடியை ரெண்டு தடவை உறுதி பண்ணிக்கிச்சு. நான் யாருக்கும் கடன் இல்லை. மூணுன்னா ரெண்டு கட்சிக்கு ரெண்டு வாக்கு கொடுத்திருக்கோம். ரெண்டாவதையும் நான் காப்பாத்தணும். ஆனா ஒண்ணு, நீ சொல்றதை எங்க தலைவர்கிட்ட சொல்லிடுவேன். அவரு மைக்கைப் பிடிச்சுச் சொல்வாரு."

பெரிய கொறடா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார். ஒன்று என்று சொல் என்று அர்த்தம். பிரதமரின் உத்தரவும் அதுதான். மூன்று என்று அரசாங்கத்துக் கொறடா ஒருவனே ஒப்புக்கொண்டால் நாற்பத்தொன்பதாருக்கு அடுத்த தேர்தல் வரைக்கும் வேறு பேச்சே வேண்டாம். கூட்டணியே உடைந்தாலும் உடையும். கிள்ளின இடம் தீயாக எரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கிள்ளல் மேல், மணி மேல், அந்தக் காலிக் கட்டில் மேல்.

"மூணுதாம்மா" என்றேன். "மூணும் வேற வேற ஆளுங்க. ஒருத்தருக்கொருத்தர் பிடிக்கவும் பிடிக்காது. இவரு கேக்க மாட்டாரு, நான் சொல்ல மாட்டேன், வக்கீலம்மா ரெண்டு பேரையும் திட்டுவாங்க. ஆனா ஒண்ணா இருந்திருந்தா இந்த மசோதாவே வந்திருக்காது. இவங்க முப்பத்தேழும் ஐம்பத்தொண்ணா இருந்திருந்தா எங்க அக்காவுக்குத் தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பாங்க. உங்களுக்கு ஐம்பத்தொண்ணு வந்திருந்தா வாழைப்பழம் கொடுத்து அனுப்பியிருப்பீங்க. யாருக்கும் பத்தலை. அதனாலதான் ஒரு பெரிய மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தக் கட்டிலைப் பார்த்தாரு. கார்ல எங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருந்துச்சு, அவ்வளவுதான்."

பெரிய கொறடா கிள்ளுவதை நிறுத்திவிட்டார். அவர் கை என் இடுப்பிலேயே மறந்துபோய் இருந்தது.

கோச்சம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக ஓடிவந்த தன் கட்சிக்காரர் ஒருவரை முதுகில் தட்டி உள்ளே தள்ளினார். பிறகு வாசலை விட்டு இரண்டடி தள்ளி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வேற யாரை வெளிய இருக்கச் சொன்னாலும் தலைவரைக் கேக்கணும்பாங்க. நானே இருந்துக்கிறேன். போங்க, ஓடுங்க, கதவைச் சாத்தப் போறாங்க!"

சொல்லிவிட்டு விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார். தாழ்வாரமே அதிர்ந்தது. நானும் பெரிய கொறடாவும் பந்தயக் குதிரைகளாக ஓடினோம். காவலாளி தாழ்ப்பாளில் கை வைத்திருந்தபோது முதலில் நான், பிறகு அவர், இல்லை, முதலில் அவர். வாசலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டோம். அக்கா எழுந்து வந்து என் காதைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. மசோதா நிறைவேறியது.

நாற்பத்தொன்பதார் அப்போதே எழுந்தார். கோச்சம்மா சொன்னபடியே போனில் அவருக்குத் தகவல் அனுப்பியிருந்தார். "இந்த அரசாங்கம் ஒன்றல்ல, மூன்று என்று இவர்களுடைய கொறடாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்! வெட்கமாக இல்லையா?" என்று முழங்கினார். பிரதமர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கட்சிக்கு இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். பிரதமர் மெதுவாக எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம், மூன்றுதான்" என்றார். "உறுப்பினர் அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்று நானும் வருத்தப்படுகிறேன்."

முதலில் சிரித்தது வக்கீலம்மா. பிறகு எங்கள் பக்கம் மொத்தமும் மேசையைத் தட்டியது. நாற்பத்தொன்பதார் பக்கத்திலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கோச்சம்மாவின் கொறடா பதவியை அந்த வாரமே பிடுங்கிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. கேன்டீனில் போய்ப் பார்த்தேன். "விடுப்பா. கையைக் குலுக்கிட்டுக் கணக்குப் பார்க்கிறவன்கிட்ட எனக்கு என்ன வேலை?" என்றார். உரக்கடைப் பெரியவரின் முட்டிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கொறடா இப்போதெல்லாம் தினமும் காலையில் எனக்குப் போன் செய்கிறார். உன் ஆட்கள் மூன்று பேரும் இருக்கிறார்களா என்று கேட்கிறார். இருக்கிறார்கள் என்கிறேன். இரண்டு பேருக்கும் அதில் துளியும் சந்தோஷம் கிடையாது.

எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மெஷின்கள் வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்த முதல் செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஜோடி போட்டுவிட்டு நான் மட்டும் அவையில் இருந்தேன். வரி மசோதாவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் போன் துடித்தது. அக்கா. அடித்துப்பிடித்து வெளியே ஓடினேன். என்னவோ ஏதோ என்று போனைக் காதில் வைத்தேன்.

"டேய், இந்த மனுஷனோட முடியலடா!" என்று கத்தினாள். "ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாரு. வந்ததுல இருந்து சும்மா இருக்க மாட்டேங்குறாரு. குழம்புல உப்பு இல்லைங்குறாரு. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருன்னா, டாக்டருக்குச் சமைக்கத் தெரியுமாங்குறாரு. சமையலறைக் குழாயைக் கழட்டி வச்சிருக்காரு. வீடு முழுக்கத் தண்ணி. சாயங்காலம் வரைக்கும் இவரை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "மாப்ளே, அவளை நம்பாத. குழாய் ஏற்கெனவே ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு!"

அக்கா திரும்பி அவரை ஏதோ திட்டினாள். அவர் ஏதோ பதில் சொன்னார். சண்டை வளர்ந்தது. போனை என் காதில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மறந்தே போனார்கள். தாழ்வாரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. பெரிய கொறடா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். நான் போனை வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவைக்குள் ஓடினேன்.